மரபணு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

ஒரே டி.என்.ஏ. துண்டைப் புகுத்தி உருவாக்கிய இரண்டு சுண்டெலி வம்சவழிகளின் கருக்களை, சில ஆண்டுகளுக்கு முன் நீலச் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றில் தண்டுவடம் நெடுக நீலம். மற்றொன்றில் கைகால் மொட்டுகளில் மட்டும் நீலம். நீலம் தெரியுமிடத்தில்தான் நாங்கள் புகுத்திய லாக்-இசட் மரபணு இயங்குகிறது என்று பொருள். அதை இயக்கும் டி.என்.ஏ. பகுதியான புரோமோட்டரோ இரண்டிலும் ஒன்றே. எந்தக் கருவை நம்புவது?

கருவுற்ற முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் டி.என்.ஏ., குரோமோசோமில் எங்கு வேண்டுமானாலும், பெரும்பாலும் பல நகல்களாகத் தொடுத்துக்கொண்டு ஒட்டிக்கொள்கிறது. அண்டையில், மரபணு இயக்கத்தைத் தூண்டும் வலுவான என்ஹான்சர் பகுதி இருந்தால் அது ஆட்டுவித்தபடி ஆடும். டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டின் இறுகிக் கிடக்கும் இடத்தில் விழுந்தால் அடங்கிவிடும். அதாவது, நாங்கள் அளந்தது புரோமோட்டரை மட்டுமல்ல, அதன் அக்கம்பக்கத்தையும்தான்.

இதற்கு மாற்றாக, ஒத்த வரிசைகளுக்கிடையே நிகழும் மறுசேர்க்கையைப் பயன்படுத்தி, எவ்வகைச் செல்லாகவும் மாறக்கூடிய கரு ஸ்டெம் செல்களில் குறித்த இடத்திலேயே மரபணுவைப் பொருத்தும் முறை 1980களில் உருவானது. அதற்காக மாரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் ஆகியோர் 2007இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று பலரும் நாடுவது 6ஆம் குரோமோசோமிலுள்ள ரோசா26. ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் திறந்திருக்கும் இடம் அது. ஆனால், எந்நேரமும் திறந்த வீட்டில் குடிவைத்த புரோமோட்டர் வேண்டாத திசுக்களிலும் சற்றுக் கசியக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் வந்தபின் வேலை விரைவாகிவிட்டது. சரிபார்ப்பும் விரைவாகிவிட்டதுதான் என் கவலை. முட்டையிலேயே திருத்திய முதல் தலைமுறை எலி பெரும்பாலும் பலவகைச் செல்களின் கலவையாக இருப்பதால், அடுத்த தலைமுறை பிறக்கும்வரை முடிவெழுதக் கூடாது. டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையில், அப்பகுதியின் இரு முனைகளைக் குறிக்கும் பிரைமர்களில் ஒன்றாவது, புகுத்திய துண்டின் ஓரங்களில் குரோமோசோம் வரிசையோடு ஒத்திருக்கும் கரங்களுக்கு வெளியே ஒட்ட வேண்டும். அதுவும் போதாது: இரண்டு மூன்று நகல்கள் வரிசையாக நுழைந்திருந்தாலும் ஓரச் சந்திப்புகள் ஒழுங்காகவே தெரியும் என்பதால், நகல் எண்ணிக்கையைத் தனியே அளந்தாக வேண்டும்.

எங்கள் துண்டை, பின்னர் எக்ஸ் குரோமோசோமில் எச்பிஆர்டி மரபணு இருக்கும் இடத்தில் ஒற்றை நகலாகப் பொருத்தினோம். ஒரே தாயின் கருக்களில் சிலவற்றில் தண்டுவடம் சீராக நீலமேறியது, மற்றவற்றில் திட்டுத்திட்டாக. சாயமேற்றுமுன் எடுத்துவைத்த மஞ்சள்கருப் பையில் பாலினம் பார்த்தோம். திட்டுகள் இருந்தவை அனைத்தும் பெண் கருக்கள். அவற்றின் செல்கள் ஒவ்வொன்றும் இரண்டு எக்ஸ்களில் ஒன்றை அணைத்துவிடுகின்றன; எங்கள் துண்டு இருக்கும் எக்ஸ் அணைந்த செல்லில் நீலம் ஏறாது.