கிளிட்ச்: வழுவா, வழுக்கலா?

மழைக்காலத்தில் கேரளத்தின் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குளத்துப் பாசிப்படியில் கால் வைத்தால் சட்டென்று சறுக்கி, அதே வேகத்தில் நிலைக்கும். அங்கே தமிழருக்கும் மலையாளிக்கும் அது வழுக்கல்தான். கருவியில் சட்டென்று வந்து மறையும் பிசகை ஆங்கிலத்தில் ‘கிளிட்ச்’ (glitch) என்கிறார்கள்; தமிழில் அதை எப்படிச் சொல்வது? அச்சொல் பிறந்ததும் இப்படியொரு படியில்தான் போலும். வழுக்கும் இடத்தைச் சொல்லும் இத்திஷ் (ஐரோப்பிய யூதர்களின் மொழி) சொல்லே அதன் மூலம் என்பது பெரும்பாலோர் கருத்து. 1940-களில் அமெரிக்க வானொலிக்காரர்களிடம் புழங்கிய சொல் இது. 1962-இல் விண்வெளி வீரர் ஜான் கிளென், மின்னழுத்தம் திடீரென எகிறுவதைக் குறிப்பது என்று விளக்கினார்.

விண்வெளியில் பெரும் மோதல்கள் எழுப்பும் ஈர்ப்பலைகளைப் பற்றிய ஆய்வில் இது அன்றாடத் தலைவலி. அவ்வலைகளைப் பிடிக்கும் லைகோ (LIGO) கருவிக்கு அமெரிக்காவில் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் என இரு நிலையங்கள்; ஒவ்வொரு கையும் 4 கி.மீ. நீளம். ஹான்ஃபோர்டில் அண்டங்காக்கைகள் குழாயில் உறைந்த பனியைக் கொத்தியதுகூடப் பதிவாகிவிட்டது! 2017 ஆகஸ்ட் 17-இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது, இணைவுக்குச் சுமார் ஒரு நொடி முன்பு லிவிங்ஸ்டன் தரவில் ஒரு கிளிட்ச் விழுந்தது. அதை நீக்கித்தான் சமிக்ஞையை அளக்க முடிந்தது.

இவற்றை இனம்பிரிக்கச் செயற்கை நுண்ணறிவு வந்தது. ‘கிராவிட்டி ஸ்பை’ திட்டத்தில் ஒரே அதிர்வை 0.5, 1, 2, 4 நொடி அகலங்களில் நான்கு நேர-அதிர்வெண் படங்களாக்கி (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் வலுத்தது என்று காட்டுபவை) நரம்பு வலை என்னும் கற்கும் கணினி நிரலிடம் காட்டுகிறார்கள். ‘பிளிப்’ என்னும் குட்டித் துடிப்பு அரை நொடிப் படத்தில் தெளியும். சிதறிய ஒளி உண்டாக்கும் வளைவுகளுக்கு 4 நொடி வேண்டும். வலைக்குப் பாடம் சொல்ல, தன்னார்வலர்கள் படங்களுக்குப் பெயரிடுகிறார்கள்.

சிக்கல் எங்கே? வலைக்குத் தெரிந்தது கற்ற வகைகள் மட்டுமே. புதுவகை வந்தால் பழைய பெட்டியொன்றில் துணிந்து போட்டுவிடும். பிளிப்போ கனத்த கருந்துளை இணைவைப் போலவே தோன்றும். அதனால் படத்தை மட்டும் நம்புவதில்லை. இரு நிலையங்களிலும் 10 மில்லிநொடிக்குள் வந்ததா என்றும் பார்ப்பார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கோளாறு’ பழுதைக் குறிக்கும். ‘வழு’ கணினிக்காரர்கள் ‘பக்’குக்கு (bug, நிரலில் உள்ள பிழை) எடுத்துக்கொண்ட சொல், திருத்தும்வரை அப்படியே இருக்கும். கிளிட்ச் வந்த சுவடின்றிப் போவது. ஆகவே ‘வழுக்கல்’ என்பதே என் தேர்வு. ‘வழு’வுக்கும் அது உறவுச் சொல்தான்.

சுழன்றபடி சீரான துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீனான பல்சாருக்கு மட்டும் இது பொருந்தாது. வேலா பல்சாரின் கிளிட்ச் இரைச்சலல்ல. அதன் சுழற்சி பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு திடீரென விரைவுபடுவது. அதற்குச் ‘சுழற்சித் துள்ளல்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.