ஏலத்தொகை கூடினால் ஊருக்கு லாபமா?

இந்தத் தையிலும் அதே கதை. சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். மீன்பாசி ஏலம், அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமையை, எடுத்தவர் மீனை அள்ளுவதற்காக ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிட்டார். பால் பிடிக்கும் நெல்லுக்கு அடுத்த நனைப்புக்குத் தண்ணீர் இல்லை. பிடித்த கட்லாவும் ரோகுவும் கால் கிலோவைத் தாண்டவில்லை. மீன்வளர்ப்பு ஆலோசனைக்காக ஊர் ஊராகப் போகிற எனக்கு, இதைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போகிறது.

"போன வருஷத்தைவிடக் கூடுதலா ஏலம் போச்சு சார்" என்று ஊர்ப் பெரியவர் பெருமையாகத்தான் சொன்னார். இந்த நினைப்பைத்தான் முதலில் விட வேண்டும். குத்தகை பெரும்பாலும் பசலி என்கிற வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில், ஜூலையில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை வருவது ஐப்பசியில். மழை எப்படி என்று தெரியாமலே மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டவர் தலையில் அதன் நஷ்டம் முழுவதும் விழுகிறது. மழை ஏமாற்றினால் கிடைத்ததை அள்ளுவார். அடுத்த வருஷம் ஏலம் யாருக்கோ, எதற்காக விட்டுவைப்பார்? நீங்கள் கூட்டிக் கேட்ட பணத்தை அவர் உங்கள் நெல்லில்தான் எடுக்கிறார். அந்தக் கால் கிலோ மீன் இன்னும் இரண்டு மாதம் கிடந்திருந்தால் அரைக் கிலோவைத் தொட்டிருக்கும், கிலோவுக்கு விலையும் கூடியிருக்கும். அந்தப் பணம் ஊருக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

பொதுச்சொத்தை ஊரே விதி போட்டுக் காக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். நீர்பாய்ச்சி என்று ஆள் வைத்து, முறை போட்டுத் தண்ணீரைப் பங்கிட்ட ஊர்கள் நம்முடையவை. மீனுக்கு மட்டும் ஏன் செய்ய மாட்டேன் என்கிறீர்கள்?

ஒரு வருஷத்துக்கு விடாதீர்கள், மூன்று வருஷத்துக்குச் சேர்த்து விடுங்கள். மொத்தத் தொகையைக் குறைத்து, பிடிபடும் மீனில் பங்கு கேளுங்கள். எடை போடும்போது ஊர்க்காரர் இரண்டு பேர் நிற்கட்டும். மடைக்கல்லில் பெயிண்டால் கோடு போடுங்கள், மீன் பிடிப்பதற்காகத் தண்ணீரை அதற்குக் கீழே இறக்கக் கூடாது. கொசுவலை போட்டு மீன் பிடிக்கவே கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சை யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள். அரசு தடை செய்த மீன் அது. அயிரை, கெண்டை எதையும் விட்டுவைக்காது.

அப்புறம், தயவுசெய்து, கடைசியில் வற்றும் தண்ணீரை ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள். ஊத்தா, கச்சா என்று மீன்பிடி சாதனங்களைத் தூக்கிக்கொண்டு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவுக்கு அதை விடுங்கள். ராத்திரியில் யாராவது மடைப் பக்கம் வந்தால், எழுந்துபோய்க் கேட்கப்போவது அந்த மக்கள்தான்.