ஆலைக் கழிவுநீரில் கன உலோகங்கள்: சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையிலும் பயான் லெப்பாசிலும் முலாம் பூசும் பட்டறைகளிலும் மின்னணு ஆலைகளிலும் நம்மவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அந்த ஆலைகள் வெளியேற்றும் நீரில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்பதை, 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள் வரையறுக்கின்றன.

குடிநீருக்காக ஆற்றுநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் உள்ள ஆலைகளுக்கு ‘ஏ’ தரம். மற்றவற்றுக்கு ‘பி’ தரம். லிட்டருக்கு ஈயம் 0.10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது ‘ஏ’, ‘பி’யில் 0.5 வரை விடலாம். நிக்கலுக்கு 0.20, 1.0. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. எங்கே விட்டாலும் 0.05தான். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு என்பதால் இந்தக் கண்டிப்பு சரியே.

அந்தக் குரோமியத்தை நேரடியாகச் சுண்ணாம்பு போட்டுப் படியவைக்க முடியாது. முதலில் அமிலம் சேர்த்து, நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2 அல்லது 3க்கு இறக்கி, சோடியம் பைசல்பைட் கலக்க வேண்டும். மஞ்சள் நீர் பச்சையாக மாறும். நஞ்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம் உருவாகிவிட்டது என்று பொருள். பிறகு காரம் சேர்த்து பி.எச். 8 அளவுக்கு உயர்த்தினால், பச்சைத் துணுக்குகளாகத் திரண்டு அடியில் படியும். நிக்கலுக்கு 10ஐ ஒட்டிய அளவு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டிச் சுத்திகரிக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று கரைந்தபடியே வெளியேறிவிடும். சயனைடு கலந்த நீரை அமிலத் தொட்டியில் விடவே கூடாது. உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும்.

இத்தனை நுணுக்கம் இருப்பதால்தான், சுத்திகரிப்பு நிலையம் இயங்கும் நேரமெல்லாம் தகுதிச் சான்று பெற்ற ஒருவர் பணியில் இருக்க வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்துகிறது. என் பார்வையில் இந்த விதிமுறைகளின் உயிர்நாடி இதுவே. சுத்திகரிக்காமல் வெறும் தண்ணீரைக் கலந்து அளவைக் குறைத்துக் காட்டுவதற்கும் இடமில்லை. நீர்த்தாலும் உலோகம் மறையாது. சேற்றில் படிந்து, அங்கே வளரும் சிப்பிகளின் வழியே நம் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடும்.

அடியில் படிந்த கசடு குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது. 2005 விதிமுறைகளின்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தும் ஆபத்தான கழிவு. பொதுவாக 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ ஆலையில் தேக்கி வைக்கக்கூடாது. உரிமம் பெற்ற நிலையத்திடமே ஒப்படைக்க வேண்டும். 2024 திருத்தத்துக்குப் பின் கடுமையான குற்றங்களுக்கு அபராதம் ஒரு கோடி வெள்ளி (ரிங்கிட்) வரை உயர்ந்திருக்கிறது.

வடிகாலில் நிறம் மாறிய நீரையோ, நள்ளிரவில் திறந்துவிடப்படும் கழிவையோ கண்டால் சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். இடம், நேரம், நிறம், வாடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் படமும் எடுங்கள். நீரைத் தொட வேண்டாம். மாதிரி எடுப்பது அதிகாரிகளின் வேலை.