ஆள் வணிகமா, மனிதக் கடத்தலா?

சுரண்டுவதற்காக மனிதர்களைப் பிடித்துவைக்கும் குற்றத்தைப் பற்றி ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜூன் வாக்கில், அமெரிக்க வெளியுறவுத்துறை ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதையொட்டித் தமிழ்ச் செய்திகளில் ‘மனிதக் கடத்தல்: இந்தியாவுக்கு இரண்டாம் இடம்’ என்ற பாணியில் தலைப்பு வைக்கிறார்கள். அதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? மனிதர்களை அதிகமாகக் கடத்தும் நாடுகளில் இந்தியா இரண்டாவது என்றுதான் நினைப்பார். அறிக்கை அப்படி எதையும் சொல்லவில்லை. ‘இடம்’ என்பதும் பிழை, ‘கடத்தல்’ என்பதும் பிழை.

முதல் பிழையை விரைவில் தீர்த்துவிடலாம். அமெரிக்கா 2000-இல் இயற்றிய சட்டத்தின்படி 2001 முதல் வரும் இந்த அறிக்கை, ஒரு நாட்டில் குற்றம் எவ்வளவு நடக்கிறது என்று அளப்பதில்லை. அதைத் தடுக்க அந்நாட்டு அரசு எவ்வளவு முயல்கிறது என்பதைத்தான் மதிப்பிடுகிறது: குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கித் தந்ததா, பாதிக்கப்பட்டவர்களைக் காத்ததா, வருமுன் தடுத்ததா? விடையைப் பொறுத்து நாடுகளை மூன்று அடுக்குகளில் வைக்கிறது. இரண்டாம் அடுக்கின் ஓரமாக, மூன்றாம் அடுக்குக்குச் சரியக்கூடிய நாடுகளுக்கு ஒரு கண்காணிப்புப் பட்டியலும் உண்டு. இந்தியா 2004 முதல் 2010 வரை அந்தப் பட்டியலில் இருந்தது. 2011-இல் இரண்டாம் அடுக்குக்கு ஏறியது. ஓர் அடுக்கில் பல பத்து நாடுகள் இருக்கும். அதை ‘இடம்’ என்றால் ஓட்டப்பந்தய முடிவாகிவிடுகிறது. ‘இரண்டாம் அடுக்கு’ என்று எழுத யாருக்கும் கை வலிக்காது. கண்காணிப்புப் பட்டியலைக் ‘கருப்புப் பட்டியல்’ என்று எழுதுவது இதைவிடப் பெரிய பிழை. முதல் அடுக்கில் இருப்பதாலேயே ஒரு நாட்டில் இந்தக் குற்றம் இல்லை என்றும் ஆகிவிடாது. 2010 முதல் தன்னையும் மதிப்பிட்டுக்கொள்ளும் அமெரிக்கா, தன்னை முதல் அடுக்கில் வைத்துக்கொண்டே தன் மண்ணில் நடக்கும் கொடுமைகளையும் எழுதுகிறது.

இனி இரண்டாவது பிழை. ஆங்கிலத்தில் இக்குற்றத்தைக் குறிக்கும் ‘டிராஃபிக்கிங்’ என்ற சொல், கொடுக்கல் வாங்கலைக் குறித்த பழைய இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களின் வழியாக வந்தது. அதன் முதற்பொருள் வணிகம். சாலைப் போக்குவரத்து என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. நம் ‘கடத்து’ என்பது ‘கட’ என்பதன் பிறவினை: ஒன்றை இங்கிருந்து அங்கே கடக்கச் செய்வது. காலம் கடத்துகிறோம்; கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது. நகர்வு இல்லாமல் கடத்தல் இல்லை. ஆக, மூலச்சொல்லின் அடியில் விலை இருக்கிறது. நம் சொல்லின் அடியில் வழிப்பயணம் இருக்கிறது.

‘மனிதக் கடத்தல்’ எப்படிப் பிறந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. தங்கக் கடத்தல், போதைப்பொருள் கடத்தல் என்று எழுதிப் பழகிய கை, அதே அச்சில் மனிதரையும் வார்த்துவிட்டது. ஆனால் தங்கத்தைக் கடத்தினால் தங்கத்துக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஏமாற்றப்படுவது அரசின் சுங்கவரி. மனிதர் விஷயத்தில் குற்றம் எல்லைக்கு எதிரானதல்ல, அந்த மனிதருக்கு எதிரானது. இந்த வேறுபாட்டுக்காகவே 2000-இல் ஐ.நா. இரண்டு தனித்தனி நெறிமுறைகளை வகுத்தது. பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைப்பது ஒன்று. சுரண்டுவதற்காக ஒருவரைப் பிடித்துவைப்பது மற்றொன்று. முதலாவதில் பயணம் முடிந்ததும் இருவருக்கும் இடையிலான கணக்கு முடிகிறது. இரண்டாவதில் அப்போதுதான் தொடங்குகிறது. உலகமே இரண்டாகப் பிரித்த ஒன்றைத் தமிழில் ஒரே சொல்லால் ஒட்டிவைத்திருக்கிறோம். போதாததற்கு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் அதே ‘கடத்தல்’தான்.

இந்திய தண்டனைச் சட்டத்தில் 2013-இல் திருத்தி எழுதப்பட்ட 370-ஆம் பிரிவைப் பாருங்கள். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 143-ஆம் பிரிவு. ஆளைச் சேர்ப்பது, கொண்டுசெல்வது, இருத்திவைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது என ஐந்து செயல்களை அது சொல்கிறது. கொண்டுசெல்வது அவற்றில் ஒன்றுதான். வழிமுறைகள் ஆறு: மிரட்டல், வலுக்கட்டாயம், கடத்திச்செல்லுதல், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், பணமோ பலனோ காட்டி இணங்கவைத்தல். கடத்திச்செல்வது ஆறில் ஒன்று! ஒரு விரலின் பெயரைக் கைக்கு வைத்துவிட்டு, கை சரியாகப் புரியவில்லையே என்று வாசகரைக் குறை சொல்ல முடியுமா?

‘வழக்கில் நிலைத்துவிட்டது, விட்டுவிடுங்கள்’ என்பவர்கள் உண்டு. வழக்குக்கு நான் எதிரியல்ல. பஸ், டிக்கெட் என்று தயங்காமல் எழுதுகிறவன். பிறமொழிச் சொல்லால் பொருள் கெடுவதில்லை. தமிழ்ச் சொல்லாகவே இருந்தும் தவறான படத்தைக் காட்டினால் கெடுகிறது. மேற்கு ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் தரகரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, ரயில் டிக்கெட் எடுத்து, தானாகவே வந்து திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளையில் இறங்குகிறது. முன்பணம் கழியும்வரை வெளியே போக முடியாது. கணக்கோ சூளைக்காரர் கையில். இதில் கடத்தியது யார்? அரிசி ஆலையில் கொத்தடிமையாக இருக்கும் இருளர் குடும்பம் சொந்த மாவட்டத்தைவிட்டே நகர்ந்திருக்காது. ‘கடத்தல்’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும் அதிகாரி, கட்டிப்போட்ட கயிற்றையும் பூட்டிய வண்டியையும் தேடுவார். இரண்டும் இல்லாதபோது ‘விருப்பப்பட்டுத்தானே வந்தார்கள்’ என்று கோப்பை மூடிவிடுவார். ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே அல்ல என்பது அந்தச் சொல்லில் தெரிவதில்லை. அரசை மதிப்பிடும் கணக்கும் இங்கேதான் பழுதாகிறது. ரயில் நிலையத்தில் தடுத்து நிறுத்திய சிறுவர்கள் எண்ணிக்கையில் வருவார்கள்; சூளையில் கிடப்பவர்கள் வரமாட்டார்கள். எண்ணப்படாதவருக்காக வழக்கு இல்லை, வழக்கு இல்லாமல் தண்டனையும் இல்லை.

கம்போடியாவிலும் மியான்மரின் மியாவாடியிலும் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய தமிழ் இளைஞர்களின் கதையும் இதுவே. வேலை என்று நம்பி விமானம் ஏறிப் போனவர்களைக் ‘கடத்தப்பட்டவர்கள்’ என்று எழுதுகிறார்கள். அடுத்த செய்தியில் ‘தாமாகவே சென்றனர்’ என்று வந்தால் வாசகருக்கு அவர்கள் பொய்யர்களாகத் தெரிகிறார்கள்.

மலேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 மே மாதம் தாய்லாந்து எல்லையோரம் வாங் கெலியன் காட்டில் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த வழியாகக் கொண்டுவரப்பட்ட ரோஹிங்கியாக்களிலும் வங்கதேசத்தவரிலும் பலர் பணம் கொடுத்துப் படகு ஏறியவர்கள். பின்னர் காட்டில் அடைக்கப்பட்டு, உறவினரிடம் பணம் பறிக்கப் பிணையாக்கப்பட்டார்கள். கள்ளப் பயணம் ஆள் வணிகமாக மாறிய இடம் அது. ஒரே ‘கடத்தலை’ வைத்துக்கொண்டு அந்த மாற்றத்தை எப்படி எழுதுவது? அதே ஆண்டு ஜூலையில் வந்த அறிக்கை, மூன்றாம் அடுக்கில் இருந்த மலேசியாவைக் கண்காணிப்புப் பட்டியலுக்கு உயர்த்தியது. மூன்றாம் அடுக்கு நாட்டோடு விரைவு வழியில் வணிக ஒப்பந்தம் செய்ய அமெரிக்கச் சட்டம் தடை விதித்திருந்தது. மலேசியாவோ பசிபிக் வட்டார ஒப்பந்தப் பேச்சில் இருந்தது. வணிகத்துக்காகத்தான் உயர்த்தினார்களா என்று அமெரிக்கச் செனட்டிலேயே கேள்வி எழுந்தது. அறிக்கையை நாம் வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதைக் கண்டிக்கவும் அது எதை அளக்கிறது என்று தமிழில் துல்லியமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

என் தெரிவு ‘ஆள் வணிகம்’. இலங்கையில் புழங்கும் ‘மனித வியாபாரம்’ பொருளில் சரியானது, ‘மனிதக் கடத்தலை’விட நூறு மடங்கு மேல். இருந்தாலும் ‘ஆள்’ என்பதில் வேலையாள் என்ற பொருளும் சேர்ந்து ஒலிக்கிறது: ஆள் பிடிப்பது, ஆள் அனுப்புவது என்று தரகர்களே சொல்லும் சொல் அது. வேர் நம் பழைய ஆவணங்களிலேயே இருக்கிறது. அடிமைச் சீட்டுக்கு ‘ஆளோலை’ என்று பெயர்; சோழர் காலத்தில் ஆட்களை விற்ற ஆவணம் ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’.

வணிகம் நல்ல தொழிலின் பெயராயிற்றே, அதைக் கறைப்படுத்தலாமா என்று கேட்பவர்கள், ‘அடிமை வணிகம்’ என்று காலங்காலமாக எழுதிவருவதை நினைவில் கொள்ளட்டும். எல்லா வழக்கிலும் ஆளை விற்பதில்லையே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. உண்மைதான், சட்டம் விற்பனையைக் கட்டாயமாக்கவில்லை. சுரண்டும் நோக்கத்தைத்தான் கேட்கிறது. ஆனால் முன்பணமும் தரகும் பேசும் இடத்தில் ஆளுக்கு ஒரு விலை விழுந்துவிடுகிறது. அந்த விலையை நோக்கி வாசகரைத் திருப்பும் சொல் ‘வணிகம்’. ‘ஆட்கடத்தல்’ என்ற சொல்லைத் தூக்கி எறியவும் வேண்டாம்; ஒருவரை வலிந்து தூக்கிச் செல்லும் குற்றத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைப்பதைக் ‘கள்ளக் குடியேற்றம்’ என்று எழுதலாம். அடுத்த அறிக்கை வரும்போது தலைப்பு இப்படி இருக்கட்டும்: ‘ஆள் வணிகத் தடுப்பு: இந்திய அரசின் முயற்சி இரண்டாம் அடுக்கில்’.