ஒரே ஆட்டு இரத்தம், மூன்று பரிசோதனை

நம்ம பக்கம் ஆடு வாங்கப் போனால், ஏறாவூரோ கிரானோ, பல்லைப் பார்ப்போம், மடியைப் பார்ப்போம், கொஞ்சம் நடக்கவிட்டும் பார்ப்போம். சிஏஈ என்ற வைரஸ் நோய்க்கு அது போதாது. முழங்கால் வீங்கும், மடி கல்லாகும், உடம்பு மெலியும், எல்லாம் சரி, ஆனால் தொற்றிய ஆடுகளில் பெரும்பாலானவை ஒன்றையும் காட்டாமல் வருடக்கணக்கில் பட்டியில் நின்று குட்டிகளுக்குப் பாலோடு நோயையும் கொடுத்துக்கொண்டிருக்கும். செம்மறியில் வரும் மெய்டி-விஸ்னா இதற்கு நெருங்கிய சொந்தம். 1933இல் ஜெர்மனியிலிருந்து வந்த கரகுல் செம்மறிகளோடு ஐஸ்லாந்துக்குள் நுழைந்த அதை மந்தை மந்தையாக வெட்டித்தான் 1965இல் ஒழித்தார்கள்.

ஆகவே இரத்தம் எடுக்க வேண்டும். எந்தப் பரிசோதனைக்கு?

பழையது அகர் ஜெல் முறை. நோன்பு காலத்தில் காத்தான்குடி வீடுகளில் காய்ச்சுகிற கடற்பாசி இருக்கிறதே, அதே சாமான்தான் அகர். அதைத் தட்டில் உறையவிட்டுக் குழிகள் வெட்டி, நடுக்குழியில் வைரஸின் புரதம், சுற்றிலும் ஆடுகளின் சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிநீர். இரண்டும் ஊறிப்போய்ச் சந்திக்கும் இடத்தில் ஒன்றிரண்டு நாளில் வெள்ளைக் கோடு விழுந்தால் தொற்று உண்டு. மலிவு, பொய்யாகக் கோடு விழுவதும் அரிது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கோடு விழ, வைரஸை எதிர்க்க ஆட்டின் உடம்பு உண்டாக்குகிற பிறபொருளெதிரி சீரத்தில் நிறைய வேண்டும், கொஞ்சமாக இருக்கிற ஆடு தப்பிவிடும்.

எலைசா அதைவிடக் கூர்மை. புரதம் ஒட்டிய 96 குழித் தட்டில் சீரத்தை ஊற்றிக் கழுவி, நொதி பூட்டிய இன்னொரு பிறபொருளெதிரியைச் சேர்த்தால் நிறம் மாறும், அதை இயந்திரம் வாசிக்கும். சில மணி நேர வேலை. ஒரு பட்டியையே சலித்துப் பார்க்க நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கிற ஆட்டை இன்னொரு முறை பார்க்காமல் விற்றுவிடக் கூடாது.

இவை இரண்டும் வைரஸைத் தேடுவதில்லை. படுவான்கரையில் காலையில் வயலுக்குள் யானைச் சுவடு கண்டால் இரவு யானை வந்தது தெரியும், இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியாது. பிறபொருளெதிரியும் அப்படிச் சுவடுதான். ஆட்டுக் கொள்ளை நோய் என்கிற பிபிஆரில் சுவடு இருந்தால் ஆடு பிழைத்து எழும்பியிருக்கலாம், தடுப்பூசி போட்டதாகவும் இருக்கலாம், வழக்கமான எலைசா அதைப் பிரித்துச் சொல்லாது. சிஏஈ வைரஸோ உயிருள்ளவரை உடலை விட்டுப் போகாது, வளர்ந்த ஆட்டில் சுவடு இருந்தால் வைரஸும் இருக்கிறது. குட்டியில் அப்படிச் சொல்ல முடியாது. கடும்புப் பாலில் தாயின் பிறபொருளெதிரி வந்திருக்கும், அது மறைய ஆறு மாதம்கூட ஆகலாம்.

அங்கேதான் பிசிஆர் உதவும். வைரஸ் தன் மரபுச் சங்கிலியை வெள்ளணுக்களின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகி வைக்கும், பிசிஆர் அதை நேரடியாகத் தேடும். அதற்குச் சீரம் சரிவராது, இரத்தம் உறையாத ஊதா மூடிக் குழாய் வேண்டும். விலை கூட என்பதால் இதுதான் சிறந்தது என்று நினைக்காதீர்கள். இரத்தத்தில் தொற்றிய அணுக்கள் மிகக் குறைவு, வைரஸும் வகைக்கு வகை மாறும், அதனால் நோயுள்ள ஆட்டுக்கே நோய் இல்லை என்று சொல்லிவிடலாம்.

தொற்றிப் பல மாதம் கழித்துத்தான் பிறபொருளெதிரி தோன்றுகிற ஆடுகளும் உண்டு. வாங்குகிற ஆட்டுக்கு ‘நோய் இல்லை’ என்று தாள் காட்டினால் எந்தப் பரிசோதனை, எந்தத் திகதி, அப்போது ஆட்டுக்கு என்ன வயது என்று கேளுங்கள். வாங்கியபின் தனியாகக் கட்டி, சில மாதம் கழித்து எலைசாவை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.