நுடிபிராங்க்: சொல்லும் பொருளும்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்போர் பெரிதும் அஞ்சும் பெயர்களுள் 'நுடிபிராங்க்' ஒன்று. பவளத்தைத் தின்னும் இனங்களையும் கொண்ட, ஓடில்லாக் கடல் நத்தை வகை அது. மூடப்படாதது என்று பொருள்படும் 'நூடுஸ்' என்னும் இலத்தீன் சொல்லும், செவுளைக் குறிக்கும் 'பிராங்கியா' என்னும் கிரேக்கச் சொல்லும் இணைந்து பிறந்த இப்பெயரை, 1817இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே வகைப்பாட்டில் ஆண்டார். ஓடுள்ள கடல் நத்தைகளுக்குச் செவுள் ஓட்டின் அடியில் மறைந்திருக்கும். நுடிபிராங்குக்கோ லார்வாப் பருவத்தோடு ஓடு நீங்கிவிடுவதால், பல இனங்களில் செவுள் முதுகின்மேல் பூங்கொத்துப் போல வெளியே தெரியும்.

தமிழில் இதனைக் 'கடலட்டை' என்பது பிழை. மன்னார் வளைகுடாக் கரையில் அப்பெயர், நட்சத்திரமீனுக்கு உறவான முட்தோலி ஒன்றுக்கு நெடுங்காலமாக உரியது. 'புழு' என்றால் குழப்பம் இன்னும் கூடும். ஏனெனில் அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு வேறோர் உயிர். அது வட்டவட்டமாகக் கடித்த தடங்களை விட்டுச் செல்லும். 'ஓடிலி நத்தை' நெருங்கி வந்தாலும், ஓடில்லாத பிற கடல் நத்தைகளையும் அது உள்ளடக்கிவிடுகிறது. எனவே மூலச்சொல்லின் பொருளைத் தாங்கும் 'வெளிச்செவுள் நத்தை' என்பதே தக்க சொல் என்பது என் துணிபு.

இச்சொல்லுக்கும் ஒரு வரம்பு உண்டு. பவளந்தின்னிகளான பெஸ்டில்லா பேரினத்து நத்தைகளுக்குத் தனிச் செவுள் கொத்து கிடையாது. முதுகில் வரிசையாக நிற்கும் விரல் போன்ற நீட்சிகளே மூச்சுக்கு உதவுகின்றன, செரிமானச் சுரப்பியின் கிளைகளும் அவற்றுள் ஓடுகின்றன. கொம்பைக் குறிக்கும் 'கெராஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'செராட்டா' என்பது அவற்றின் பெயர். 'முதுகு விரல்கள்' எனலாம்.

தொட்டியில் இந்நத்தையை அடையாளம் காட்டுவனவும் இவ்விரல்களே. மான்டிபோரா என்னும் பவளத்தைத் தின்னும் இனம் சில மில்லிமீட்டர் நீளமே உடையது, வெண்மையானது, அதன் விரல்கள் பாலிப்புகள் எனப்படும் பவளத்தின் சிற்றுயிர்களை ஒத்திருப்பதால் பகலில் எளிதில் கண்ணில் படாது. 2020இல் இவ்வினத்துக்குப் பெஸ்டில்லா சபோடியோசஸ் என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. சற்றே வெறுப்பூட்டுவது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல், தொட்டி வளர்ப்பில் அது தரும் தொல்லையைச் சுட்டுகிறது. டியூபஸ்ட்ரியா என்னும் பவளத்தைத் தின்னும் மற்றோர் இனம், தான் உண்ட பவளத்தின் நிறத்தையே ஏற்றுக்கொண்டு மறைந்திருக்கும்.

தட்டுப்போல் விரிந்த மான்டிபோராவின் அடிப்புறத்திலோ விளிம்பிலோ தசை நீங்கி வெள்ளை எலும்புக்கூடு தெரிந்தால், விளக்கணைந்த பின் கைவிளக்கும் உருப்பெருக்கியும் கொண்டு அவ்விடத்தைப் பார்க்க வேண்டும். தசை முடிந்து வெற்றுக்கூடு தொடங்கும் எல்லையில்தான் நத்தை மேய்ந்துகொண்டிருக்கும். அருகே வெற்றுக்கூட்டின்மேல் சிறு வெண்ணிற முட்டைத் திரள்களும் ஒட்டியிருக்கும். பவளத்தை மருந்துநீரில் முக்குவதால் நத்தை சாகும். முட்டை பெரும்பாலும் சாகாது. ஆகவே முட்டைகளைச் சுரண்டி நீக்கி, புதிதாகப் பொரிப்பவை மீண்டும் முட்டையிடும் முன் பிடிபடுமாறு, சில நாள் இடைவெளி விட்டு முக்குதலைப் பலமுறை தொடர வேண்டும்.

வெளிச்செவுள் நத்தை யாவும் பவளத்துக்குப் பகையல்ல. பெர்கியா என்பது, பவளத்தைக் கொட்டி வருத்தும் எய்ப்டேசியா என்னும் கடல்சாமந்தியையே உணவாகக் கொள்வதால், வளர்ப்போர் விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் விடும் இனம்.