டீமேட் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மாதம் 500 ரூபாய் ஒதுக்கிப் பங்கு வாங்கலாம் என்று கிளம்பும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சொல்லில்தான். டீமேட் என்பது ஏதோ நிறுவனத்தின் பெயர் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அப்படியில்லை, 'டீமெட்டீரியலைசேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சுருக்கியது அது. லத்தீனில் 'மெட்டீரியா' என்றால் பொருள், முன்னால் நிற்கும் 'டீ' நீக்கத்தைக் குறிக்கும். பங்குச் சந்தையில் அப்படி நீக்கப்பட்ட பொருள், காகிதம்.

அந்தக் காகிதத்தைப் பங்குப் பத்திரம் என்பார்கள். பங்கு கைமாறினால் விற்றவர் கையெழுத்திட்ட மாற்றுப் படிவத்தில் முத்திரைத்தலை ஒட்டி, பத்திரத்தோடு சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அத்தனையும் திரும்பி வந்துவிடும். தபாலில் தொலைந்த பத்திரங்களும் உண்டு, போலிகளும் உண்டு. அதைவிட, பங்குகள் பெரும்பாலும் 50, 100 என்று கட்டாகத்தான் கைமாறின, உதிரியாக நாலைந்து வைத்திருந்தால் விலையைக் குறைத்துத்தான் தள்ள முடியும். சிறு சேமிப்புக்காரர்கள் ஒதுங்கியே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. அதே ஆண்டில் என்எஸ்டிஎல், 1999-ல் சிடிஎஸ்எல். இந்த இரண்டும்தான் நம் பங்குகளை மின்பதிவாக வைத்திருக்கும் காப்பகங்கள், வங்கியோ தரகரோ அங்கே போக ஒரு வாசல், அவ்வளவுதான். ஒரே ஒரு பங்கை வாங்குவது சாதாரண விஷயமாக ஆனது இதற்கு அப்புறம்தான்.

சரி, தமிழில்? 'பொருண்மை நீக்கம்' என்பது நேர் மொழிபெயர்ப்பு, ஆனால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'மின்பங்குக் கணக்கு' பரவாயில்லை, ஆனால் அதே கணக்கில் கடன் பத்திரமும், பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதியான தங்க ஈடிஎஃப்பும்கூட இருக்குமே! அதனால் 'மின்பத்திரக் கணக்கு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, பழைய பங்குப் பத்திரத்தின் பெயரும் அதில் தொடர்கிறது. பேச்சில் டீமேட் என்றே சொல்லுங்கள், தப்பில்லை, பொருள் தெரிந்து சொன்னால் போதும்.

பொருள் தெரியாததால் வரும் குழப்பம் ஒன்று உண்டு. டீமேட் கணக்கில் பங்கு வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, அது வைத்திருக்கும் இடம். வாங்கி விற்பது வர்த்தகக் கணக்கில், பணம் வருவதும் போவதும் வங்கிக் கணக்கில். செயலிகள் மூன்றையும் ஒரே திரையில் காட்டுவதால் ஒன்றுபோலத் தெரிகிறது. மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது தவணை முறை முதலீடு, மட்டும் போடுகிறவருக்கு டீமேட் கட்டாயமே இல்லை.

கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் 'அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு' என்று கேட்டு வாங்குங்கள். 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த செபி (பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிப்படி, கணக்கில் இருப்பவற்றின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் வரை இதற்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 10 லட்சம் வரை 100 ரூபாய். ஆனால் தனியாகவோ, கூட்டுக் கணக்கில் முதல் பெயராகவோ உங்களுக்கு ஒரே ஒரு டீமேட் கணக்குதான் இருக்க வேண்டும். சலுகை தருகிறார்கள் என்று நாலு செயலிகளில் கணக்குத் திறந்தால் இது போய்விடும்.

விற்கும்போது, காப்பகத்துக்கு வாசல் என்றேனே, அந்த வங்கியோ தரகரோ பிடிக்கும் டிபி கட்டணத்தையும் பாருங்கள். ஒரு பங்கை விற்றாலும் நூறு பங்கை விற்றாலும் ஒரு நிறுவனத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பொதுவாக ஒரே தொகைதான். அது 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 150 ரூபாய்ப் பங்கு ஒன்றை விற்பவருக்குப் பத்து சதவீதம் அதிலேயே போய்விடுகிறது. கணக்குத் தொடங்கும் முன் கட்டணப் பட்டியலில் இந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.